போட்டி மேசைக்கு வராத சமையல் கருவிகள்

மாதர் சங்கக் கூட்டம், பாடசாலை விழா, பிரதேச செயலக நிகழ்வு என எங்கு போனாலும் இப்போது ‘பாரம்பரிய உணவுப் போட்டி’ என்ற பதாகை ஒன்றைக் காணமுடிகிறது. வீடுகளிலும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் தமிழகத் தொலைக்காட்சிகளின் சமையல் போட்டிகள்தான் ஓடுகின்றன. யார் வெளியேறுவார், யாருக்கு வெள்ளை அங்கி கிடைக்கும் என்று எங்கள் அம்மாமார் பந்தயம் கட்டாத குறை.

இதில் தவறு எதுவும் இல்லை. சமைப்பதும் ஒரு திறமை, அதற்கும் கைதட்டல் வேண்டும் என்று ஒருவராவது சொல்வது நல்லதுதான். ஆனால் இந்தப் போட்டிகள் எதை அளக்கின்றன, எதை அளக்காமல் விடுகின்றன என்ற கேள்வி எனக்குள் நெடுநாளாக இருக்கிறது. யுத்தத்தைக் கடந்துவந்த எங்கள் குசினிகளைப் பொறுத்தவரை அது சின்னக் கேள்வியும் அல்ல.

போட்டி எங்கிருந்து வந்தது?

வீட்டுச் சமையல்காரர்களுக்கான பெரிய போட்டிகளின் முன்னோடி என்று அமெரிக்காவின் ‘பில்ஸ்பரி பேக் ஓஃப்’ போட்டியைச் சொல்லலாம். ஒரு மா நிறுவனம் தனது 80ஆவது ஆண்டை ஒட்டி 1949இல் நியூயோர்க்கில் நடத்தியது. முதற்பரிசு 50,000 டொலர். சாதாரண இல்லத்தரசிகள் ஆடம்பர விடுதியொன்றின் மண்டபத்தில் நின்று சமைத்தார்கள். நோக்கம் எளிமையானது: மா விற்கவேண்டும்.

பின்னர் தொலைக்காட்சி அதை எடுத்துக்கொண்டது. பிபிசியின் ‘மாஸ்டர்செஃப்’ 1990இல் தொடங்கியது. அவுஸ்திரேலியப் பதிப்பு வந்த பிறகுதான் அது உலகம் முழுவதற்குமான பெரும் வணிகமாக வளர்ந்தது. மூடிய பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் பொருட்களை மட்டும் வைத்துச் சமைக்கும் ‘மர்மப் பெட்டி’ச் சுற்றை எங்களில் பலர் அதில்தான் பார்த்தோம்.

அந்த அவுஸ்திரேலிய நிகழ்ச்சியின் முதல் ஒளிபரப்பு 2009 ஏப்ரல் 27. அதே நாட்களில் முள்ளிவாய்க்காலில் எங்கள் சனம் அரிசியையும் தண்ணீரையும் உப்பையும் வைத்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தது. தேங்காய்ப்பால் கிடைத்தால் அது விசேடம். கஞ்சிக்கு வரிசையில் நின்றபோதே எறிகணை விழுந்ததைத் தப்பிவந்தவர்கள் சாட்சியமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒளிபரப்பியவர்களில் குற்றம் காண்பதற்காக இதை எழுதவில்லை. ‘இருப்பதை வைத்துச் சமைத்தல்’ என்ற ஒரே சொற்றொடருக்குள் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

பொருளாதாரத் தடை உருவாக்கிய கருவிகள்

1990இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இறுகியபோது மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. பற்றரி, சவர்க்காரம் போன்றவையும் தடைப்பட்டியலில் இருந்தன. அந்தக் காலத்தில் பிறந்த என் வயதினருக்குக் குசினி என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஜாம் போத்தல் விளக்குத்தான். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். திரி போத்தலுக்கு உள்ளேயே எரியும். கண்ணாடி காற்றைத் தடுப்பதால் சுடர் அலையாது. எண்ணெய் பஞ்சில் ஊறியிருப்பதால் போத்தல் சரிந்தாலும் கொட்டாது. சில துளியில் ஓர் இரவின் சமையலும் படிப்பும் முடிந்தன.

அடுத்தது மரத்தூள் அடுப்பு. ஒரு தகரப் பேணியின் அடிப்பக்கத்தில் ஒரு துளை போடுவார்கள். நடுவில் ஒரு போத்தலை நிறுத்தி, சுற்றிவர மரத்தூளையோ உமியையோ இறுக்கி அடைப்பார்கள். பிறகு போத்தலைச் சுழற்றி உருவினால் நடுவில் ஒரு புகைபோக்கி கிடைக்கும். கீழ்த்துளையால் காற்று நுழையும், நடுக்குழியின் சுவர் மட்டும் மெல்ல மெல்ல எரியும். இறுக்கி அடைத்த தூளுக்குள் காற்று போகாததால் அது ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளாது. சும்மா கொட்டி எரித்தால் நிமிடங்களில் சாம்பலாகும் தூள், இந்த முறையில் ஒரு நேரச் சமையலுக்குத் தாக்குப்பிடிக்கும்.

மூன்றாவதைக் கருவி என்று யாரும் சொல்லமாட்டார்கள். 1995 ஒக்டோபர் 30 வலிகாமம் இடப்பெயர்வுக்குப் பிறகு நாங்கள் தங்கிய வீட்டில் மூன்று குடும்பங்களுக்கு ஓர் அடுப்பு. அம்மா சோற்றுப் பானையை நன்றாகக் கொதிக்கவிட்டு, அரிசி முக்கால்வாசி வேகும்போதே மூடி இறக்குவார். பானையைச் சாக்காலும் பழைய சேலையாலும் சுற்றி மூலையில் வைத்துவிட்டு, அடுப்பை அடுத்த வீட்டுக்காரருக்கு விடுவார். திறக்கும்போது சோறு வெந்திருக்கும்.

இதன் விஞ்ஞானம் நேரானது. தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத்தான் பெரும் வெப்பம் தேவை. கொதித்த பிறகு நாம் எரிக்கும் விறகில் பெரும்பகுதி, பானை வெளியே இழக்கும் சூட்டை ஈடுசெய்வதற்கே செலவாகிறது. அந்த இழப்பைத் துணியால் தடுத்தால் நெருப்பே தேவையில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய அரசு எரிபொருளைச் சேமிக்க ‘வைக்கோல் பெட்டி’ச் சமையலை மக்களுக்குப் பரிந்துரைத்ததும் இதே கணக்கில்தான். தென்னாபிரிக்காவில் 2008இல் மின்வெட்டுக் காலத்தில் உருவான ‘வொண்டர்பாக்’ என்ற துணிப்பையின் தத்துவமும் இதுவே. அது இன்று பல நாடுகளில் விற்பனைப் பொருள். அம்மாவின் சாக்குக்கு வணிகப்பெயர் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைச் செய்துபார்க்க விரும்புவோருக்கு இரண்டு கவனம். பானை நிறைய இருக்கவேண்டும், அரைப்பானை விரைவில் ஆறிவிடும். இறைச்சியோ பருப்போ என்றால், திறந்த பிறகு இன்னொரு முறை கொதிக்கவைத்தே பரிமாறவேண்டும். இளஞ்சூட்டில் நெடுநேரம் கிடக்கும் உணவில் கிருமி பெருகும்.

நீத்துப்பெட்டி ஏன் இன்னும் தோற்கவில்லை?

யுத்தத்துக்கு முன்பிருந்தே எங்களிடம் இருந்தவற்றில் நீத்துப்பெட்டி தனி இனம். பனையோலையில் கூம்பு வடிவில் பின்னிய பெட்டி. கூர்ப்பக்கம் பானையின் வாய்க்குள் இறங்கும், வாய்ப்பக்கம் மேலே விரியும். நீராவி ஓலைப் பின்னலின் இடைவெளிகளால் எல்லாப் பக்கமும் ஏறி மாவை அவிக்கிறது. உலோகப் பாத்திரத்தில் ஆவி சுவரில் பட்டுத் தண்ணீராகி வழிவதால் அடிப்புட்டு சதசதத்துப்போகும். ஓலை அந்த ஈரத்தைத் தான் உறிஞ்சிக்கொள்கிறது. ஒடியல் மாப் புட்டு உதிரி உதிரியாக வருவதன் இரகசியத்தில் பாதி கையிலும் பாதி ஓலையிலும் இருக்கிறது.

இடம்பெயரும்போது அதன் இன்னொரு குணம் தெரிந்தது. பாரமில்லை, விழுந்தால் உடையாது, விட்டுவிட்டு ஓடினாலும் அடுத்த ஊரில் பனை நின்றால் இன்னொன்று இழைக்கலாம். ஆனால் இழைக்கத் தெரிந்த கை வேண்டும். இன்று சந்தையில் அலுமினிய ஸ்ரீமர் வாங்குவது இலகு. நீத்துப்பெட்டி இழைக்கும் அம்மாக்களைத்தான் தேடிப் போகவேண்டியிருக்கிறது.

மின்கருவிகளையும் வீட்டுப் பெண்களே செய்தார்கள்

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்லவரவில்லை. அம்மியும் உரலும் பெண்களின் தோள்மூட்டைத் தின்ற கருவிகள். விறகுப் புகை நுரையீரலைத் தின்றது. வீட்டுக்குள் எழும் புகையால் 2020இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அடுப்படியில் அதிக நேரம் நிற்பவர் யாரோ அவரே அதிகம் பாதிக்கப்படுகிறார். 1980களில் இலங்கையில் அறிமுகமான ‘அனகி’ மண் அடுப்பு ஒரு நெருப்பில் இரண்டு பானை வைக்க வழிசெய்து விறகைக் குறைத்தது. அதைப் போன்ற மாற்றங்கள் வரவேற்கவேண்டியவை.

மின்கருவிகளின் கதையிலும் வீட்டுக் குசினிதான் ஆய்வுகூடம். 1955இல் ஜப்பானின் தொஷிபா நிறுவனம் விற்பனைக்கு விட்ட தானியங்கி றைஸ் குக்கரை வடிவமைத்தவர் மினாமி யொஷிதாதா. ஆனால் எந்தச் சூட்டில் எவ்வளவு நேரத்தில் சோறு சரியாக வேகும் என்பதை வீட்டில் திரும்பத் திரும்பச் சமைத்துக் கணக்கெடுத்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. அந்தக் கருவியில் இரண்டு பாத்திரங்கள். வெளிப்பாத்திரத்தில் ஊற்றிய தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 பாகைக்கு மேல் போகாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும், உள்ளே இருக்கும் உலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். இன்றைய குக்கரில் வெளித்தண்ணீர் இல்லை. அரிசி தண்ணீரைக் குடித்து முடித்ததும் அடிப்பாத்திரம் சூடேறுவதே ‘டிக்’ என்ற சத்தத்துக்குக் காரணம்.

ஆனால் மின்கருவி மின்சாரம் இருக்கும்வரைதான். 2022இல் முழு நாடும் இதைக் கற்றுக்கொண்டது. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியால மின்வெட்டு. 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் ஏப்ரலில் 4,860 ரூபாவாக ஏறியது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. கொழும்பு மாடிக்குடியிருப்புகளில் இருந்த நண்பர்கள் என்னை அழைத்து, விறகு அடுப்பை எப்படி மூட்டுவது என்று கேட்டார்கள். ஊரிலோ பொச்சுமட்டை, சிரட்டை, ஊமல், கங்குமட்டை எல்லாம் மறுபடி அடுப்படிக்கு வந்தன. எது சட்டென்று பற்றும், எது நின்று எரியும் என்ற அறிவு எங்கள் அம்மாமாரிடம் அப்படியே இருந்தது.

புள்ளித்தாளில் இல்லாத நிரல்

வன்னியில் நான் செய்தி சேகரிக்கப் போன ஒரு போட்டியில் நடுவர்களின் புள்ளித்தாளைப் பார்த்தேன். சுவை, தோற்றம், ஊட்டச்சத்து, சுத்தம். நான்கு நிரல்கள். ஐம்பது வயது கடந்த அம்மா ஒருவர் நீத்துப்பெட்டியோடு புட்டைக் கொண்டுவந்து வைத்தார். ‘பீங்கானில் கொட்டி அழகுபடுத்துங்கோ’ என்றார்கள். அவரும் அப்படியே செய்து, பெட்டியை மேசைக்குக் கீழே வைத்தார். பிறகு நான் கேட்டபோது, “தம்பி, புட்டு ஆரும் அவிப்பினம். உந்தப் பெட்டி நான் இழைச்சது” என்றார். பரிசு அலங்காரம் நன்றாயிருந்த வேறொரு தட்டுக்குப் போனது. நடுவர்கள் நியாயமாகத்தான் நடந்தார்கள். அவர்கள் கையில் இருந்த தாளில் அந்தப் பெட்டிக்கு இடம் இருக்கவில்லை.

அந்தத் தாளை மாற்றுவது கடினமான வேலை அல்ல. போட்டி நடத்தும் சங்கங்களும் பாடசாலைகளும் இன்னும் மூன்று நிரல்களைச் சேர்க்கலாம். எவ்வளவு எரிபொருள் செலவானது? எந்தக் கருவி பயன்பட்டது, அதைச் செய்தவர் யார்? சமைத்த முறையை இளையவர் ஒருவருக்கு விளங்கப்படுத்த முடிந்ததா? மூன்றாவதற்காக ஒவ்வொரு அம்மாவோடும் ஒரு மாணவியையோ மாணவனையோ சேர்த்து மேடையேற்றலாம். பையன்களும் நிற்கட்டும், குசினி பெண்களுக்கு மட்டும் எழுதிவைத்த இடமல்ல. அரச விவசாயத் திணைக்களத்தின் ‘அம்மாச்சி’ உணவகங்களில் எங்கள் பெண்கள் கைச்சமையலால் குடும்பம் நடத்துகிறார்கள். அத்தகைய இடங்களில் ஓலைப் பின்னலுக்கும் ஒரு மூலை ஒதுக்கினால், இழைப்பவர்களுக்கும் ஒரு வருமானம் வரும்.

இதை அவசரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தடைக்காலத்தில் குடும்பத்துக்குச் சமைத்தவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்துவிட்டார்கள். யுத்தத்தைப் பற்றிய ஆவணங்களில் திகதிகளும் இழப்புகளும் பதிவாகின்றன, அவை பதிவாகத்தான் வேண்டும். ஆனால் அந்த நாட்களில் பிள்ளைகள் எப்படி உயிரோடு வைத்திருக்கப்பட்டார்கள் என்பது பெரும்பாலும் எழுதப்படவில்லை. கஞ்சி ஒன்றே மே மாதத்தில் நினைவாக மிஞ்சியிருக்கிறது. அதைக் காய்ச்சிக் கொடுத்ததற்காக 2024 மே மாதத்தில் சம்பூரில் பெண்கள் கைது செய்யப்பட்டதையும் பார்த்தோம். ஒரு பானைக் கஞ்சி எவ்வளவு பெரிய சாட்சி என்பதைக் கைது செய்தவர்களும் அறிந்திருக்கிறார்கள்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மா, அம்மம்மா, மாமி, பெரியம்மா யாராவது அருகில் இருந்தால், அல்லது தொலைபேசியில் கிடைத்தால், மூன்று கேள்விகள் கேளுங்கள். இடம்பெயர்ந்தபோது குசினியிலிருந்து எதை எடுத்துக்கொண்டு போனீர்கள்? விறகோ எண்ணெயோ இல்லாத நாளில் எப்படிச் சமைத்தீர்கள்? நீங்களே செய்த அல்லது திருத்திய கருவி எது? பதிலைக் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். கருவி இன்னும் வீட்டில் இருந்தால் ஒரு படமும், அது எப்படி வேலைசெய்கிறது என்று நான்கு வரியும் போதும். அழுத்திக் கேட்காதீர்கள். சில பதில்களுக்குப் பின்னால் திரும்பி வராத பிள்ளை ஒன்று இருக்கலாம். அவர்கள் சொல்ல விரும்பியதைச் சொல்லட்டும்.