தன்னார்வக் குழுக்களில் மின்னஞ்சல் தாமதம்

தன்னார்வக் குழு ஒன்றில் ஒருவர் அனுப்பும் மடல் மற்ற உறுப்பினர்களைச் சென்றடைந்து, அவர்களிடமிருந்து பதில் திரும்பி வரும் வரை ஆகும் நேரத்தையே இக்கட்டுரை தாமதம் என்கிறது. இதில் ஒரு பகுதி கணினிகளால் ஆவது, மற்றொரு பகுதி மனிதர்களால் ஆவது. பெரும்பாலும் இரண்டாவதே நீளமானது. ஆனால் குழுவில் மனக்கசப்பு வரும்போது பழி முதலாவதன் மேல்தான் விழும். “உங்கள் மடல் எனக்கு வரவே இல்லையே!” என்பது எல்லாக் குழுக்களிலும் கேட்கும் குரல்.

தமிழில் இதை விளங்கிக்கொள்ள மதுரைத் திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கி இலவசமாகத் தரும் இம்முயற்சி 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் தலைமையேற்றார். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனன் துணைநின்றார். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்தனர், மெய்ப்புப் பார்த்தனர். ஒருவரையொருவர் நேரில் பார்க்காமலேயே மின்னஞ்சலின் துணையால் வேலை நடந்தது.

இத்தகைய குழு ஒன்றில் ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். ஜனவரி மாதத்தில் ஒரு நாள் காலை 9 மணிக்கு, “இந்நூலின் எந்தப் பதிப்பைப் பின்பற்றுவது?” என்று எழுதுகிறார். அப்போது லொசானில் விடியற்காலை 4.30 மணி, வர்ஜீனியாவில் முந்தைய நாள் இரவு 10.30 மணி. மடல் சில நொடிகளில் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் லொசான் நண்பர் எழுந்து, வேலைக்குப் போய்த் திரும்பி, இரவு 8 மணிக்குப் பதில் எழுதினால் ஸ்ரீரங்கத்தில் நள்ளிரவு 12.30 ஆகியிருக்கும். கேட்டவர் அதை மறுநாள் காலையில்தான் பார்ப்பார். ஒரு கேள்விக்கு ஒரு நாள் போயிற்று. “எந்த நூல் என்று சொல்லவில்லையே” என்று பதில் வந்தால் இன்னொரு நாள். வேண்டிய விவரம் அனைத்தையும் முதல் மடலிலேயே எழுதுவது, எந்த அதிவேக இணைப்பைவிடவும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அதன்பின் பல ஆண்டுகள் தொலைபேசி வழி இணைப்புதான். வீட்டில் அதுவும் இல்லாதவர்கள் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துப் பிரவுசிங் சென்டரில் மடல் பார்த்தார்கள். வாரம் இருமுறை பார்ப்பவருக்கு மூன்று நாள் தாமதம் இயல்பானது. அந்த நாட்களில்தான் திஸ்கி என்ற தமிழ் எழுத்துக் குறியீடு பெரிதும் மின்னஞ்சல் விவாதத்திலேயே உருப்பெற்றது. வாதத்தை ஆற அமர யோசித்து எழுத வேண்டிய வேலைக்கு ஒரு நாள் இடைவெளி கேடு செய்யாது, நன்மையே செய்யும்.

கணினிகளால் வரும் தாமதம் வேறு வகை. மின்னஞ்சல் ஒரு வழங்கியிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்றி அனுப்பப்படுகிறது. எதிர்முனை பதில் தராவிட்டால், ஆர்.எம்.எஸ்.ஸில் அடுத்த வண்டிக்காகக் காத்திருக்கும் தபால் பை போல, மடல் வரிசையில் நிற்கும். இதற்கான நெறிமுறையான ஆர்எஃப்சி 5321, பொதுவாக அரை மணி நேரமாவது இடைவெளி விட்டு மீண்டும் முயலவும், நான்கைந்து நாட்களாவது கைவிடாமல் இருக்கவும் சொல்கிறது. ஆகவே நான்காம் நாள் வந்து சேரும் மடல் விதிப்படியே வந்திருக்கிறது. சில வழங்கிகள், அறிமுகமில்லாத முகவரியிலிருந்து வரும் முதல் மடலை வேண்டுமென்றே “பிறகு வா” என்று திருப்பும். எரிதம் அனுப்புபவர்கள் பெரும்பாலும் மறுபடி முயல மாட்டார்கள் என்ற கணக்கு அது. புதிய உறுப்பினரின் முதல் மடல் மட்டும் தாமதமாவதற்கு இது ஒரு காரணம். மட்டுறுத்துநர் திருமண வீட்டுக்குப் போயிருப்பது இன்னொரு காரணம்.

2014 ஏப்ரலில் யாஹூ தன் டிமார்க் விதியைக் கடுமையாக்கியபோது குழுமடல்கள் பெரும் தொல்லைக்கு உள்ளாயின. யாஹூ முகவரியிலிருந்து குழுவுக்கு அனுப்பிய மடலைக் குழுவின் வழங்கி மற்றவர்களுக்கு அனுப்பும்போது, போலி மடல் என்று ஜிமெயில் போன்றவை திருப்பி அனுப்பின. திரும்பிய மடல்களின் எண்ணிக்கை கூடியதால், ஒரு தவறும் செய்யாத உறுப்பினர்களின் கணக்குகளைக் குழு மென்பொருளே நிறுத்தி வைத்தது. “வரவே இல்லை” என்ற புகார் அப்போது உண்மை.

தாமதம் எங்கே நேர்ந்தது என்பதை மடலே சொல்லும். அதன் முழுத் தலைப்புப் பகுதியைத் திறந்தால் ‘ரிசீவ்டு’ என்று தொடங்கும் வரிகள் இருக்கும். ஒவ்வொரு வழங்கியும் தான் பெற்ற நேரத்தை மேலே மேலே எழுதிக்கொண்டே போவதால் கீழிருந்து படிக்க வேண்டும். +0530 என்று இருந்தால் இந்திய நேரம். எந்த இரு வரிகளுக்கு இடையில் மணிக்கணக்கில் இடைவெளி இருக்கிறதோ, அங்கேதான் மடல் தங்கியிருக்கிறது.

மறுநாள் பதில் வந்தால் போதாத பணிகளும் உண்டு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக இருக்கும் ஸ்ரீரங்கத்துக்கு வெள்ளம் புதிதல்ல. மேட்டூரில் திறக்கும் நீர் முக்கொம்புக்கு வரப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் யார் வண்டி தருவார், எங்கே சமைக்கலாம் என்று குழுமடலில் பேசிக்கொள்ள இடமுண்டு. ஆனால் 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்ததைப் போன்ற வேளையில் தொலைபேசியை எடுப்பதே வழி.

வாட்ஸ்அப் இருக்கிறதே என்று தோன்றலாம். அது விரைவானதுதான். ஆனால் முன்னனுப்பும் செய்தியில் முதலில் எழுதப்பட்ட தேதி மறைந்துவிடுகிறது. 2018இல் வந்த ‘ஃபார்வர்டட்’ என்ற குறியும் தேதியைச் சொல்வதில்லை. 2015 சென்னை வெள்ளத்தின்போது, தேவை தீர்ந்த பிறகும் பழைய உதவிக் கோரிக்கைகள் கைமாறிச் சுற்றிக்கொண்டிருந்தன. மின்னஞ்சல் தாமதமாக வந்தாலும் தன் தேதியைச் சுமந்துகொண்டே வருகிறது. முன்னனுப்பினாலும் வழக்கமாகப் பழைய தேதி உள்ளே இருக்கும்.

ஆகவே எந்த வழியில் அனுப்பினாலும் நேரத்தைச் செய்திக்குள்ளேயே எழுதுவது நல்லது: “ஞாயிறு, ஆகஸ்ட் 26, மாலை 6 மணி நிலவரம். கரையோரத் தெருவில் 20 பேருக்கு இரவுச் சாப்பாடு தேவை. இரவு 9 மணிக்குப் பிறகு இதைப் பகிர வேண்டாம்.” சாப்பாடு போய்ச் சேர்ந்ததும் புதிய மடல் தொடங்காமல், அதே மடலுக்குப் பதிலாக “முடிந்தது” என்று எழுதினால், இரண்டு நாள் கழித்துத் திறப்பவருக்கும் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.