யந்திரத்தின் சம்மதமும் சட்டத்தின் சம்மதமும்

ஜொகூர் பாருவைச் சுற்றியுள்ள ஸ்கூடாய், தெப்ராவ், மாசாய் வட்டாரங்களில், மோட்டார் வண்டிகளுக்குப் புதிய உறுப்புகளைப் பூட்டித் தரும் பட்டறைகள் மலிந்திருப்பதும், வார இறுதிகளில் அவற்றின் வாசலில் உள்ளூர் வண்டிகளோடு சிங்கப்பூர் எண்பலகை தாங்கிய வண்டிகளும் காத்து நிற்பதும் இப்பகுதிவாசிகள் அறிந்த விஷயமே. ஒரு காலத்தில் டர்போ என்பது வேகப் பிரியர்களின் பிரத்தியேக ஆடம்பரமாயிருந்தது. 2012இல் புரோட்டோன் பிரேவேயின் உயர்ரகத்திலும், 2020இல் புரோட்டோன் எக்ஸ்50இலும், 2021இல் பெரோடுவா அத்திவாவிலும் அது வந்து சேர்ந்து, சாமானியக் குடும்பத்தின் வண்டியிலேயே குடியேறிவிட்டபடியால், "இந்தச் சாமானை மாட்டினால் டியூன் பண்ண வேண்டுமா?" என்ற கேள்வியும் இன்று சாமானியர்களின் கேள்வியாகிவிட்டது. போர்மன்களில் ஒரு சாரார் "தேவையே இல்லை" என்கிறார்கள். மற்றொரு சாரார் "கட்டாயம் வேண்டும்" என்கிறார்கள். முன்னவர் சாமானை விற்பவராகவும் பின்னவர் டியூனை விற்பவராகவும் இருப்பது தற்செயல் அன்று என்பது என் அபிப்பிராயம்.

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரெட் பியூக்கி 1905இல் உரிமம் பெற்ற டர்போ என்ற சாதனத்தின் தத்துவம் எளியது: எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் உஷ்ண வாயுவின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள மறுசக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே செலுத்துவது. எவ்வளவு காற்று நுழைகிறதோ அதற்கேற்றபடி பெட்ரோலைப் பீய்ச்சுவதும், தீப்பொறி பறக்க வேண்டிய க்ஷணத்தை நிர்ணயிப்பதும் வண்டியின் கம்ப்யூட்டருடைய பொறுப்பு. நிதானமான ஓட்டத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தை அது காக்க முயல்கிறது, முழு விசையில் ஓடும்போது பெட்ரோலைச் சற்றுத் தாராளமாகவே விடுகிறது. கம்ப்யூட்டரின் இந்தக் கணக்கைப் புதிய உறுப்புக்கேற்பத் திருத்தி எழுதுவதே டியூன். ஆகவே புதிய உறுப்பு இந்தக் காற்றுப் பாதையில் எந்த இடத்தைத் தொடுகிறது என்பதைப் பொறுத்தே நம் கேள்விக்கு விடை அமையும்.

முதலில் காற்று நுழையும் வாயிலைப் பார்ப்போம். பல வண்டிகளில், உள்ளே வரும் காற்றின் நிறையை அளக்கும் சென்சார் ஒன்று வடிகட்டிக்கு அடுத்த குழாயில் அமர்ந்திருக்கிறது. குழாயின் விட்டம் இன்னதென்று முன்பே அறிந்திருப்பதால்தான் அதன் கணக்கு சரியாக வருகிறது. ரப்பர்த் தோட்டத்தில் பால் அளந்த கிராணிக்குத் தெரியாமல் வாளியைப் பெரிதாக்கிவிட்டால் அவருடைய பேரேடு முழுவதும் பொய்யாவதுபோல, அகன்ற குழாயைப் பொருத்தியவுடன், உண்மையில் அதிகமாக நுழையும் காற்றைக் கம்ப்யூட்டர் குறைவாக எண்ணிப் பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. பழைய கூட்டுக்குள்ளேயே வைக்கும் மாற்று வடிகட்டிக்கு இந்தத் தோஷம் பெரும்பாலும் இல்லை. சிறு பிசகுகளைப் பின்னாலுள்ள ஆக்ஸிஜன் சென்சாரைக் கொண்டு கம்ப்யூட்டர் தானே திருத்திக்கொள்கிறது என்பது மெய்யே. ஆனால் அந்தத் திருத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

இன்டர்கூலர் விஷயத்தில் எனக்குத் தயக்கமில்லை. அமுக்கப்பட்ட காற்று சூடேறும். நண்பகலில் 32 டிகிரியைத் தொடும் ஜொகூரின் வெயிலில், சிங்கப்பூருக்குச் செல்லும் பாலத்தை நோக்கி ஊர்ந்து நகரும் வாகன வரிசையில், அந்தச் சூட்டைத் தணிக்கும் பெரிய இன்டர்கூலர் நன்மையே செய்யும். அதற்கென்று டியூன் அவசியமில்லை. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னாலுள்ள எக்ஸாஸ்ட் குழாயை மாற்றுவதற்கும் அநேகமாக அப்படியே. காற்றை வெளியே சீறவிடும் புளோ-ஆஃப் வால்வோ வேறு ரகம்: அளந்து கணக்கில் ஏற்றிய காற்றை வெளியே கொட்டிவிடுவதால், நிறை அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளில் ஒவ்வொரு சீறலுக்கும் பெட்ரோல் மிஞ்சிப் போகிறது, வாங்கியவருக்குக் கிட்டும் லாபம் அந்தச் சத்தம் மாத்திரமே.

டவுன்பைப் என்று பட்டறைகள் சொல்லும், டர்போவை அடுத்த முதற்குழாயை மாற்றுவதில்தான் நிஜமான அபாயம் இருக்கிறது. அங்கே தடை குறைந்தால் சக்கரம் எளிதாகச் சுழல்கிறது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டின் வழி சிறிதாயிருந்தால், வரம்பு மீறி அழுத்தம் ஏறிக்கொண்டே போக, கம்ப்யூட்டர் பயந்து வண்டியின் சக்தியைச் சுருக்கிவிடும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே நீக்கிய குழாயானால், இரண்டாவது ஆக்ஸிஜன் சென்சார் அதன் இன்மையை உணர்ந்து எச்சரிக்கை விளக்கை ஏற்றும். இத்தனைக்கும், இக்கால வண்டிகளில் பெரும்பாலானவை குறித்த விசைக்கு மேல் எழாதபடி தம்மைத் தாமே அடக்கிக்கொள்வதால், டியூன் செய்யாதவரை விளம்பரம் சொன்ன குதிரைசக்தி வந்து சேர்வதுமில்லை. அழுத்தத்தையே உயர்த்தும் பூஸ்ட் கன்ட்ரோலரையும், சென்சாரின் சொல்லைத் திரித்துக் கம்ப்யூட்டரை ஏமாற்றும் சிறு பெட்டிகளையும் முறையான டியூனும் அளவீட்டுப் பதிவுமின்றி மாட்டுவது, பிஸ்டன்களைப் பணயம் வைத்தாடும் சூதாட்டம்.

டியூன் செய்த பின்னும் சங்கதி முடிவதில்லை. ரோன்97 பெட்ரோலுக்கென்று தீப்பொறியை முன்தள்ளி அமைத்த எஞ்சினில் ரோன்95 ஊற்றினால், எரிபொருள் அகாலத்தில் வெடித்து நாக்கிங் உண்டாகும். அதற்கென்றுள்ள சென்சார் கேட்டுச் சொல்ல, கம்ப்யூட்டர் சமாளிக்கும், ஆனால் எப்போதும் சமாளிக்கும் என்பதற்குப் பிரமாணம் கிடையாது. 2025 செப்டம்பர் 30 முதல் அரசாங்கத்தின் புடி95 மானியத் திட்டத்தில் மலேசியக் குடிமக்களுக்கு ரோன்95 லிட்டர் 1 வெள்ளி 99 காசுக்குக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, 97க்கு டியூன் செய்தவர் மனம் 95 நோக்கிச் சாய்வது இயல்பு. எந்தப் பெட்ரோலை வாழ்நாள் முழுவதும் ஊற்றப் போகிறோம் என்பதைத் தீர்மானித்த பிறகே டியூன் செய்யும் இடத்துக்குப் போவது விவேகம்.

இதுவரை சொன்னது யந்திரத்தின் சம்மதம். சட்டத்தின் சம்மதம் முற்றிலும் வேறு. பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டே சம்மன் வாங்குகிறார்கள். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வாகனங்களின் கட்டுமானம், உபயோகம் பற்றிய 1959ஆம் ஆண்டு விதிகளும், வாகன ஒலி குறித்த 1987ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் ஒழுங்குமுறைகளும் டியூன் நடந்ததா இல்லையா என்று கேட்பதில்லை. டியூன் தேவைப்படாத எக்ஸாஸ்ட்டும் ஒலி வரம்பை மீறினால் குற்றமே. எவ்வளவு நேர்த்தியாக டியூன் செய்தாலும் கன்வெர்ட்டர் நீக்கிய வண்டி சாலைக்கு உரியதாகிவிடாது. சந்தேகமிருந்தால் பணம் கொடுக்குமுன் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அலுவலகத்தில் விசாரிப்பதே முறை. பாலத்துக்கு அப்பாலிருந்து வருகிறவர்களுக்குச் சிங்கப்பூரின் தரைவழிப் போக்குவரத்து ஆணையத்துடைய விதிகளும் உண்டு. வண்டியை இங்கே மாற்றியதால் அவை தளர்வதில்லை.

காப்புறுதி விஷயத்தில் மௌனம் மிகவும் விலையுயர்ந்தது. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின்படி, காப்புறுதி எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்குப் பொய்யோ அஜாக்கிரதையோ இன்றி விடையளிப்பது நம் கடமை. மாற்றங்களை மறைத்தவரின் கோரிக்கை குறைக்கப்படவோ மறுக்கப்படவோ இடமுண்டு. எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தயாரிப்பாளர் உத்தரவாதமும் அவ்வாறே: கம்ப்யூட்டரில் வேறு மென்பொருள் ஏற்றப்பட்ட அடையாளத்தைப் பிற்பாடு பழைய கோப்பை ஏற்றி அழித்துவிடலாம் என்று நம்புகிறவர்கள், பல வண்டிகள் அந்த ஏற்றங்களை எண்ணி வைத்துக்கொள்கின்றன என்பதை அறியாதவர்கள்.

பட்டறையின் பிழையால் எஞ்சின் பழுதானால் பரிகாரம் இல்லாமலில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டுமென்று விதிக்கிறது. அச்சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான நஷ்டத்துக்கு, சம்பவம் நடந்த 3 ஆண்டுகளுக்குள், 5 வெள்ளிக் கட்டணத்தில் மனுச் செய்யலாம். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாத எதிர்த்தரப்பு குற்றம் புரிந்ததாகும். ஆனால் வாய்மொழியை நம்பி மன்றம் ஏறுவது பயனற்றது. எந்த உறுப்பு, எந்தப் பெட்ரோலுக்கான டியூன், டியூன் தேவையில்லையென்று யார் சொன்னது என்பவற்றை ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும். டியூனுக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவீட்டுப் பதிவுகளின் பிரதியையும் கேட்டுப் பெற வேண்டும். இவற்றைத் தர மறுக்கிற பட்டறையில் வண்டியின் பானெட்டைத் திறக்காமலே திரும்பிவிடுவது நல்லது.