காகிதம் இல்லாதோரின் கதை: வடபாதையும் மாத்தளையும்

மாத்தளையிலிருந்து நாலந்தா, தம்புள்ளை வழியாக வடக்கே செல்லும் பெருந்தெருவை நாம் எல்லோரும் அறிவோம். மரக்கறி மூட்டைகளோடு தம்புள்ளைச் சந்தைக்குப் போய்வரும் தெரு அது. ஆனால் அத்தெருவின் இரு மருங்கிலும் புதைந்து கிடக்கும் கதையை நம்மில் அறிந்தோர் சிலரே. மண்ணை இழந்து வேறிடம் வந்து வாழும் குடும்பங்களுக்கு அக்கதையில் ஒரு பாடம் உண்டு. ஆகவே அதனை இங்கு எடுத்துக் கூற விரும்புகிறோம்.

கால்நடையாக வந்தோர்

கோப்பித் தோட்டங்கள் மலைநாட்டில் பரவிய காலம் அது. தமிழ்நாட்டின் இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிலிருந்து மக்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காட்டுவழியே ஏறத்தாழ 150 மைல் நடந்து மாத்தளையை அடைந்தனர். இதுவே வடபாதை எனப்பட்டது. மாத்தளையிலிருந்து கங்காணிமார் அவர்களைத் தோட்டங்களுக்குப் பிரித்து அழைத்துச் சென்றனர்.

இவர்கள் யார்? பெரும்பாலோர் நம்மைப் போன்ற விவசாயிகளும் விவசாயக் கூலிகளுமே. மழை பொய்த்ததும் கடன் ஏறியதும் அவர்களை ஊரைவிட்டுக் கிளப்பின. தொடக்க காலத்தில் பலர் கோப்பி பறிக்கும் பருவத்திற்கு மட்டும் வந்து, மீண்டும் ஊருக்குத் திரும்பினர்.

வழியில் குடிக்க நல்ல நீரில்லை, தங்க இடமில்லை. வாந்திபேதியும் காய்ச்சலும் அவர்களை வாரிக்கொண்டு போயின. 1840களில் வந்தவர்களில் எழுபதினாயிரம் பேர், அதாவது நால்வரில் ஒருவர், மாண்டுபோயினர் என 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை மதிப்பிட்டது. இத்தொகை மிகையென வாதிட்டோரும் உளர். எனினும் சரியான தொகையை இன்று எவராலும் கூற முடியாது. ஏனெனில் வழியில் விழுந்தவர்களின் பெயரை எழுதி வைப்பார் இருக்கவில்லை.

காடிழந்த கிராமத்தார்

அவர்கள் வந்து சேர்ந்த மண் வெறுமையாகக் கிடந்த மண்ணா? இல்லை. மலையடிவாரச் சிங்களக் கிராமத்தார் வயலில் நெல்லும், மேட்டுக்காட்டில் சேனையும் செய்து வந்தனர். மாடு மேய்ந்ததும் விறகு பொறுக்கியதும் அக்காட்டிலேதான்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்நிலையைத் தலைகீழாக்கியது. காடும் தரிசும் பயிரிடாத நிலமும், வேறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்றது அச்சட்டம். கண்டிப் பிரதேசத்தில் சேனை நிலத்தை உரிமை கோருவோர் மன்னர் கொடுத்த சன்னஸ் பட்டயத்தையோ வரி செலுத்திய ஆதாரத்தையோ காட்ட வேண்டியதாயிற்று. பாட்டன் காலந்தொட்டுப் பயிரிட்ட நிலத்துக்குக் காகிதம் எங்கே? அரசு அவ்வாறு எடுத்துக்கொண்ட நிலம், ஏக்கர் ஐந்து சிலிங் வீதம், கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது. வாங்கியோரில் அரசாங்க உத்தியோகத்தரும் இருந்தனர்.

இதன்மேல் 1848இல் துப்பாக்கி வரி, நாய் வரி, கடை வரி என்பன வந்தன. தெருப் போட ஆண்டுக்கு ஆறு நாள் உழைக்க வேண்டும், அல்லது மூன்று சிலிங் கொடுக்க வேண்டும் என்ற சட்டமும் வந்தது. மக்கள் பொங்கி எழுந்தனர். ஜூலை மாத இறுதியில் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா மன்னராக முடிசூட்டப்பட்டார். கிளர்ச்சிக்காரர் மாத்தளைக்குள் புகுந்து அரசாங்கக் கட்டிடங்களைத் தாக்கினர். வரிப் பதிவேடுகளைக் கொளுத்தினர். தம்மை வறியவராக்கியது காகிதமே என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் போலும். படையினர் கிளர்ச்சியை விரைவில் அடக்கினர். புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொங்காலேகொட பண்டா நாடு கடத்தப்பட்டார்.

ஆக, காடிழந்த கிராமத்தாரும் ஊரிழந்த கூலியாளும் ஒரே கோப்பியினால் அலைக்கழிக்கப்பட்டவர்களே. அவர்களோ ஒருவரை ஒருவர் அந்நியராகப் பார்த்தனர். 'எங்கள் நிலத்தைப் பறிக்க வந்தவன்' என்று ஒருவர் மற்றவரைக் கருதிய கசப்பு இன்றும் முற்றாக மறையவில்லை. நிலத்தைப் பறித்தது கூலியாள் அல்லன், ஒரு சட்டம் என்பதை இரு பக்கத்துப் பிள்ளைகளும் அறிந்திருப்பது நல்லது.

நூறாண்டின் பின் மீண்டும்

காகிதம் கேட்கும் வேளை தோட்ட மக்களுக்கும் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டில் பிறந்திருப்பது மட்டும் போதாது, தந்தை இங்கு பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும் என்றது. லயத்தில் பிறந்த தந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கையின்படி பலர் தலைமன்னாரில் கப்பலேறினர். 1970களின் பஞ்சத்தாலும் 1977இன் வன்செயலாலும் வேறு பலர் வன்னிக்குச் சென்று காடு வெட்டிக் குடியேறினர். பாட்டன் நடந்து வந்த திசைக்கே பேரன் திரும்பிச் சென்றான்! அங்கும் யுத்தம் அவர்களை விட்டுவைக்கவில்லை. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது.

2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி, மலையக மக்களின் இருநூறாண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டு ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. பெயரெழுதப்படாமல் மாண்டோருக்கு அதுவே ஓர் அஞ்சலி எனலாம்.

நமக்குரிய பாடம்

நம் மாவட்டத்திலேயே மொரகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காகக் குடும்பங்கள் வயலையும் வீட்டையும் விட்டு எழுந்தன. போரினால் எழுந்து வந்தோரும் நம்மிடையே உளர். இவ்வாறு இடம்பெயர்ந்த ஒவ்வொரு குடும்பத்திடமும் நாம் கேட்டுக்கொள்வது ஒன்றே: உங்கள் கதையை எழுதி வையுங்கள்.

விட்டு வந்த காணியின் பெயர், நான்கு எல்லைகள், நின்ற மரங்கள், கிணறு, அயற்காணிக்காரரின் பெயர் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஊர்ப் பெரியவர் உயிரோடு இருக்கும்போதே அவரிடம் கேட்டு எழுதுங்கள். உறுதி தொலைந்திருப்பின் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகத்துப் பேரேட்டில் உங்கள் பெயர் உள்ளதா எனப் பாருங்கள். பிள்ளைகளின் பிறப்பைக் காலந்தாழ்த்தாது பதியுங்கள். வரி கட்டிய துண்டு, பழைய பங்கீட்டு அட்டை, பாடசாலைச் சான்றிதழ் எதனையும் எறிந்துவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் போட்டோப் பிரதி எடுத்து, ஒரு தொகுதியை உறவினர் வீட்டில் வையுங்கள்.

காகிதம் மட்டும் நீதியைப் பெற்றுத் தராது என்பதை நாம் அறிவோம். ஆயினும் காகிதம் இல்லாதவர் தம் வழக்கைச் சொல்லவும் இடமின்றிப் போயினர் என்பதை இந்தத் தெரு இருமுறை கண்டிருக்கிறது. மூன்றாம் முறை அது நம் பிள்ளைகளுக்கு நேரவேண்டாம். அடுத்த முறை தம்புள்ளைக்குப் போகும் பஸ்ஸில், பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு இத்தெருவின் கதையைச் சொல்லுங்கள்.