நேருவுக்குப் பின் யார்?

குடும்பத்தின் பெரியவர் நாற்காலியில் சாய்ந்து பத்திரிகை வாசித்துக் கொண்டிருக்கும்போதே, "இவருக்குப் பிறகு வீட்டை யார் நிர்வகிப்பது?" என்று கேட்கிற பிள்ளையை நம் வீடுகளில் ஒருவரும் மெச்ச மாட்டார்கள். "நாக்கில் சனி!" என்று பாட்டி அதட்டுவாள். ஆனால் அந்தப் பாட்டியே அன்றிரவு தனிமையில் அந்தக் கவலையோடுதான் தூக்கமின்றிப் புரண்டு கொண்டிருப்பாள். 1963, 1964ஆம் வருஷங்களில் பாரத தேசம் முழுவதும் இவ்விதமான ஒரு தர்ம சங்கடத்தில் அகப்பட்டுக் கொண்டிருந்தது. கேட்கவும் கூசிற்று; கேளாமல் இருக்கவும் முடியவில்லை.

1947ஆம் வருஷத்திலிருந்து தேசத்துக்கு ஒரே பிரதம மந்திரி. சுதந்திரம் வந்த பிறகு பிறந்த குழந்தைகள் அந்தப் பதவிக்கே 'ஜவாஹர்லால் நேரு' என்றுதான் பெயர் என எண்ணிக் கொண்டிருந்தால் அதில் பிழை சொல்வதற்கில்லை. மூன்று பொதுத் தேர்தல்களில் அவருடைய முகத்தைப் பார்த்தே கோடிக்கணக்கான ஜனங்கள் வாக்களித்திருந்தார்கள். 1962ஆம் வருஷக் கடைசியில் சீனப் படையெடுப்பு நேர்ந்தது. அதற்குப் பிறகு அந்த முகத்தில் களைப்பு தெரிய ஆரம்பித்தது. பத்திரிகைகளில் வெளியாகும் படங்களிலேயே அது தெரிந்தது.

அயல் நாட்டார் நம்மைப் போல் கூச்சப்படவில்லை. அவர்களுடைய கேள்வியில் யார் என்பதைக் காட்டிலும் பெரிய ஐயம் ஒன்று ஒளிந்திருந்தது. பக்கத்துப் பாகிஸ்தானில் 1958ஆம் வருஷத்தில் ஜெனரல் அயூப் கான் ஆட்சியைக் கைப்பற்றிக் கொண்டார். பர்மாவில் 1962 மார்ச்சு மாதம் ஜெனரல் நெவின் அவ்வாறே செய்தார். நேரு என்னும் ஒரே தூண் சாய்ந்து விட்டால் இந்தியாவிலும் பார்லிமெண்டு என்கிற மண்டபம் நிற்குமா? இதுதான் அந்த ஐயம். 1963இல் வெல்ஸ் ஹாங்கன் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர், 'நேருவுக்குப் பின் யார்?' என்ற தலைப்பிலேயே ஒரு புத்தகம் வெளியிட்டார். எட்டுப் பேரை அவர் நிறுத்துப் பார்த்திருந்தார்: மொரார்ஜி தேசாய், கிருஷ்ண மேனன், லால் பகதூர் சாஸ்திரி, ஒய்.பி. சவான், இந்திரா காந்தி, ஜெயப்பிரகாஷ் நாராயணன், எஸ்.கே. பாட்டீல், பி.எம். கௌல். கடைசிப் பெயருக்குரியவர் ஓர் இராணுவ லெப்டினண்ட் ஜெனரல்! அந்தப் பட்டியலில் அவருக்கு இடம் கிடைத்தது என்பதிலிருந்தே உலகத்தின் சந்தேகம் எவ்வளவு தூரம் போயிருந்தது என்று நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

அந்த எட்டுப் பேரில் மூவர் பிற்பாடு மெய்யாகவே பிரதம மந்திரிகள் ஆனார்கள். ஆகையால் ஆசிரியரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வாரிசைத் தேர்ந்தெடுக்கும் காரியத்தை முன்னின்று நடத்தப் போகிறவர், அந்தச் சமயம் சென்னைக் கோட்டையில் முதல் மந்திரியாக உட்கார்ந்து, எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்று சொல்லிக் கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் புத்தகத்தில் தனி அத்தியாயம் கிடையாது.

நேருஜி என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மறுத்தார். தாம் ஒருவருடைய பெயரைச் சொன்னால், அந்த மனிதர் பிரதமர் ஆகாமற் போவதற்கு அதுவே நிச்சயமான வழியாகும் என்ற கருத்தை ஒரு பேட்டியில் வெளியிட்டார். 1964 மே 22ஆந் தேதி நிருபர்கள் மறுபடியும் கேட்டபோது, தம் ஆயுள் அவ்வளவு சீக்கிரம் முடிந்து விடாது என்று சிரித்துத் தட்டிக் கழித்தார். ஐந்து நாள்தான் அதற்குப் பிறகு அவர் ஜீவித்திருந்தார்.

இதில் விசேஷம் என்னவென்றால், அவரே வாரிசாகச் சுட்டிக் காட்டப்பட்டவர். 1942 ஜனவரியில் வார்தாவில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டியில், தமக்கு வாரிசு ராஜாஜி அல்ல, சர்தார் பட்டேலும் அல்ல, ஜவாஹர்லாலே என்று மகாத்மா பகிரங்கமாகக் கூறினார். 1946இல் காங்கிரஸ் தலைமைக்கு மாகாணக் கமிட்டிகளில் பெரும்பாலானவை பட்டேலின் பெயரையே அனுப்பியிருந்தன. காந்திஜியின் விருப்பத்தை அறிந்து பட்டேல் விலகிக் கொண்டார். இவ்விதம் ஒரு மகானின் வாக்கினால் வந்தவர், தாம் அத்தகைய வாக்கு எதையும் அளிக்க மறுத்ததை நாம் குறையாக எண்ணவில்லை, பெருமையாகவே எண்ணுகிறோம். முடிசூட்டு விழாவுக்கு முன் இளவரசுப் பட்டம் கட்டுவது ராஜாக்களின் வழக்கம். குடியரசில் அதற்கு இடமேது? ஆனால் பெயரைத்தான் சொல்லவில்லை. முறையையாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? அரசியல் சட்டத்தின் 75ஆவது ஷரத்து, பிரதமரை ராஷ்டிரபதி நியமிப்பார் என்று சொல்லி நிறுத்திக் கொள்கிறது. ஆளும் கட்சி தன் தலைவரை எப்படித் தேர்ந்து கொள்ள வேண்டும், சீட்டுப் போட்டா, பேசித் தீர்த்தா என்பதைப் பற்றிச் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. 1964க்கு முன் அந்தக் கேள்வி எழுந்ததும் இல்லை.

இதற்கிடையில் 1963 ஆகஸ்டில் 'காமராஜ் திட்டம்' வந்தது. பெரிய மந்திரிகள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பது அதன் சாரம். ஆறு மத்திய மந்திரிகளும் ஆறு முதல் மந்திரிகளும் விலகினார்கள். காமராஜரே அக்டோபர் 2ஆந் தேதி கோட்டையை விட்டு இறங்கினார். தியாகம் என்றார்கள் சிலர். "இல்லை, போட்டியாளர்களைக் களையெடுக்கும் தந்திரம்" என்றார்கள் வேறு சிலர். விலகியவர்களில் ஒருவரான மொரார்ஜி, தம்மைக் குறி வைத்தே அது செய்யப்பட்டது என்று கடைசி வரையில் நம்பினார். அவருடன் கூடவே விலகிய சாஸ்திரியை மட்டும் 1964 ஜனவரியில், புவனேசுவரத்தில் நேருஜி நோயில் விழுந்த பிறகு, இலாகா இல்லாத மந்திரியாக மறுபடியும் அழைத்துக் கொண்டதைப் பார்க்கும்போது, மொரார்ஜியின் மனத்தாங்கலை முற்றிலும் ஆதாரமற்றது என்று ஒதுக்கி விடவும் முடியவில்லை.

அந்த அக்டோபரிலேயே காமராஜர், சஞ்சீவ ரெட்டி, நிஜலிங்கப்பா, அதுல்ய கோஷ் முதலியோர் திருப்பதியில் கூடிப் பேசினார்கள். திருப்பதிக்குப் போகிறவர்கள் சாதாரணமாகத் தலைமுடியைக் கொடுத்துவிட்டு வருவார்கள். இவர்கள் தேசத்துக்குத் தலைவரைத் தேடிக் கொண்டு வந்தார்கள்.

1964 மே 27ஆந் தேதி பிற்பகல் நேருஜி காலமானார். அன்றைக்கே ராஷ்டிரபதி ராதாகிருஷ்ணன், மந்திரி சபையில் மூத்தவரான குல்சாரிலால் நந்தாவுக்குத் தற்காலிகப் பிரதமராகப் பிரமாணம் செய்து வைத்தார். சேனைகள் தங்கள் பாசறைகளிலேயே இருந்தன. அயலார் எதிர்பார்த்த பிரளயம் வரவில்லை. வந்தது வேறொன்று: சாஸ்திரியா, மொரார்ஜியா என்ற வாதம். ஒருவர் குள்ளமான உருவமும் மெல்லிய குரலும் கொண்டு, எவரையும் பகைத்துக் கொள்ளாதவர். மற்றவர் நிர்வாகத்தில் நிபுணர், வளையாதவர், அதனாலேயே பலருக்கு அச்சமூட்டியவர். ரயில் வண்டியிலும் கோர்ட்டுத் தாழ்வாரத்திலும் காப்பி ஹோட்டலிலும் நடந்த அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் மட்டும் பொதுஜனங்களிடம் இல்லை. அது காங்கிரஸ் பார்லிமெண்டு அங்கத்தினர்களிடம் இருந்தது. அவர்களும் சீட்டுப் போடவில்லை.

காரியக் கமிட்டி, எல்லோருடைய கருத்தையும் அறிந்து சொல்லும்படி காங்கிரஸ் தலைவர் காமராஜரைக் கேட்டுக் கொண்டது. அவர் அங்கத்தினர்களையும் முதல் மந்திரிகளையும் வரவழைத்தார், கேட்டார், தலையசைத்தார், அனுப்பி விட்டார். ஹிந்தியில் சரளமாகப் பேச வராத ஒருவர், ஹிந்தி பேசும் தேசத்தின் தலைவிதியைக் காதால் கேட்டே நிர்ணயித்தார். பெரும்பாலோர் சாஸ்திரி பக்கம் என்று அவர் சொன்னார். ஜூன் 2ஆந் தேதி நந்தா பிரேரேபிக்க, மொரார்ஜியே ஆமோதிக்க, சாஸ்திரி ஏகமனதாகத் தலைவரானார். ஜூன் 9ஆந் தேதி பதவியேற்றார்.

தோற்றவரே ஆமோதித்தார் என்பதை எண்ணி இன்றும் நாம் பெருமை கொள்ளலாம். துக்கத்தில் இருந்த தேசத்துக்கு அந்த நாளில் அதுவே தேவையாயிருந்தது என்பதையும் ஒப்புக் கொள்கிறோம். ஆயினும் ஒரு கேள்வி தொண்டையில் முள்ளாக நிற்கிறது. 'பெரும்பாலோர்' என்றால் எத்தனை பேர்? எவரும் எண்ணிக் காட்டவில்லை. கணக்கு ஒரு மனிதரின் மனத்துக்குள்ளேயே இருந்தது. அந்த மனிதர் நாணயஸ்தர் என்பது நம்முடைய அதிர்ஷ்டம். ஆனால் அதிர்ஷ்டத்தை ஒரு முறை என்று சொல்ல முடியுமா? மேலும், தம் எண்ணத்தைக் கட்சித் தலைவரின் முகத்துக்கு எதிரே சொல்லுகிற அங்கத்தினர், இரகசியச் சீட்டில் எழுதக் கூடியதைத்தான் அங்கேயும் சொல்லுவார் என்பது என்ன நிச்சயம்?

இந்தக் கேள்வியை மொரார்ஜி மறக்கவில்லை. 1966 ஜனவரி 11ஆந் தேதி தாஷ்கெண்டில் சாஸ்திரி திடீரென்று மறைந்ததும், நந்தா மறுபடி தற்காலிகப் பிரதமரானார். காமராஜர் மறுபடி ஆலோசனையில் இறங்கினார். அவரையே பதவி ஏற்கும்படி நண்பர்கள் சிலர் வற்புறுத்தினார்கள். ஆங்கிலமும் ஹிந்தியும் சரளமாக வராத தாம் அந்தப் பதவிக்கு ஏற்றவர் அல்ல என்று அவர் மறுத்துவிட்டார். அந்த ஒரு மறுப்புக்காகவே அவருக்குத் தேசம் கடன்பட்டிருக்கிறது. முதல் மந்திரிகள் பலர் இந்திரா காந்தியின் பக்கம் சேர்ந்தார்கள். இந்தத் தடவை மொரார்ஜி விட்டுக் கொடுக்கவில்லை. எண்ணிப் பார்த்து விடுவோம் என்றார். ஜனவரி 19ஆந் தேதி எண்ணினார்கள். இந்திரா காந்திக்கு 355. மொரார்ஜிக்கு 169.

அன்று சிலர் கட்சியின் ஒற்றுமை போயிற்றே என்று வருந்தினார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. முடிவு என்னவாயிருந்தாலும், பிரதமர் பதவிக்கு இருவர் போட்டியிட்டு, இரகசியமாகச் சீட்டு விழுந்து, எண்ணிக்கை வெளிச்சத்தில் வாசிக்கப்பட்டது. தோற்றவரின் பக்கத்தில் 169 பேர் இருந்தார்கள் என்பது சரித்திரத்தில் பதிந்து விட்டது. 1964இல் மாற்றுக் கருத்துடையோர் எத்தனை பேர் என்று யாராவது இன்று சொல்ல முடியுமா?

ஆனால் அந்த முறையும் நிலைக்கவில்லை. 1967 தேர்தலில் காங்கிரஸ் 283 ஸ்தானங்களோடு இளைத்துத் திரும்பியது. இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுக்கக் காரணமாயிருந்த காமராஜரை விருதுநகர் வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு மாணவர் தலைவரிடம் அவர் தோற்றார். ஆயினும் டில்லியில் மீண்டும் பேச்சு வார்த்தை நடந்தது. போட்டி தவிர்க்கப்பட்டது. இந்திரா பிரதமராகவும் மொரார்ஜி துணைப் பிரதமராகவும் அமைந்தார்கள். இரண்டே வருஷத்தில் அந்தச் சமரசம் உடைந்து, 1969இல் கட்சியே இரண்டாயிற்று.

1977 மார்ச்சில் ஜனதா கட்சி வென்று வந்தபோது மூன்று பேர் பிரதமர் பதவியை நாடினார்கள்: மொரார்ஜி தேசாய், ஜகஜீவன் ராம், சரண் சிங். சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கலாம் என்று பேச்சு இருந்தது. கடைசியில் ஜெயப்பிரகாஷ் நாராயணனும் ஆசார்ய கிருபளானியும் அங்கத்தினர்களின் கருத்தை அறிந்து முடிவு சொல்வதென்று ஏற்பாடாயிற்று. அவர்கள் மொரார்ஜியின் பெயரைச் சொன்னார்கள். பதினொரு வருஷத்துக்கு முன் எண்ணியே தீர வேண்டும் என்று நின்றவர், எண்ணாமலே மார்ச்சு 24ஆந் தேதி பிரதமராகப் பிரமாணம் எடுத்துக் கொண்டார். ஜகஜீவன் ராம் மனம் கசந்து, சில நாட்கள் கழித்துத்தான் மந்திரி சபையில் வந்து சேர்ந்தார்.