ஒரே சொல், பல வேலை!

வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். வாங்கி வந்த மருந்துப் புட்டியின் மேல் 'ஷேக் வெல் பிஃபோர் யூஸ்' என்று அச்சிடப்பட்டிருக்கிறது. ஆறாம் வகுப்புப் பயிலும் மூத்த மகளிடம் அதற்குப் பொருள் கேட்கிறார் தாய்.

"வெல் என்றால் கிணறு, உம்மா. மற்றது விளங்கவில்லை" என்கிறாள் மகள்.

நகைக்க வேண்டாம். அவள் மனனம் செய்த பொருள் சரியானதே. ஆனால் அஃது அவ்விடத்துக்கு உரியதன்று.

ஆங்கிலத்தில் பல சொற்கள், வாக்கியத்தில் தாம் நிற்கும் இடத்துக்கேற்பத் தம் இனத்தை மாற்றிக் கொள்கின்றன. அப்புட்டியிலுள்ள நான்கு சொற்களுமே இதற்குச் சான்று.

'ஷேக்' இங்கே 'குலுக்கு' என்னும் வினை. 'மில்க் ஷேக்' என்னுமிடத்திலோ பெயர். 'வெல்' கிணற்றைக் குறித்தால் பெயர். 'ஐ ஆம் வெல்' என நலம் உரைத்தால் பெயரடை. இங்கே 'நன்றாக' எனக் குலுக்குதலைச் சிறப்பிக்கும் வினையடை. 'பிஃபோர்' இங்கே பெயருக்கு முன் வரும் முன்னிடைச்சொல். 'பிஃபோர் யூ கோ' என்றால் இணைப்புச்சொல். 'யூஸ்' இங்கே 'பயன்பாடு' என்னும் பெயர். 'யூஸ் திஸ் பென்' என்றால் வினை. பெயராகும்போது அதன் ஈற்றொலி சீறும்; வினையாகும்போது வண்டின் ரீங்காரம் போல் அதிரும்.

ஏன் இந்த நிலை? பழைய ஆங்கிலத்தில் விடைக்கு 'ஆண்ட்ஸ்வாரு' என்றும், விடையளித்தலுக்கு 'ஆண்ட்ஸ்வாரியன்' என்றும் வெவ்வேறு ஈறுகள் இருந்தன. காலப்போக்கில் ஈறுகள் தேய்ந்து, இரண்டும் 'ஆன்ஸர்' என்றாயின. ஈறு காட்டிய வேறுபாட்டை இப்போது சொல் நிற்கும் இடம் காட்டுகிறது.

நமக்கும் இது புதிதன்று. 'படியில் ஏறு' என்பதில் படி பெயர். 'பாடம் படி' என்பதில் வினை. நாம் தடுமாறுவதில்லை, வாக்கியம் பொருளை உணர்த்திவிடுகிறது.

எனவே பெற்றோர்களே! பிள்ளைகளுக்கு ஒரு சொல்லும் ஒரு பொருளுமாகப் பட்டியலிட்டு மனனம் செய்விக்காதீர்கள். சொல்லுக்கு இரண்டு வாக்கியமேனும் சொல்லிக் கொடுங்கள். "இங்கே இச்சொல் என்ன வேலை செய்கிறது?" என்று கேளுங்கள். அகராதியைப் புரட்டினால், முதற்பொருளோடு நில்லாமல் அடுத்தடுத்த பொருள்களையும் பார்க்கப் பழக்குங்கள்.

குலுக்க வேண்டிய மருந்தில் மருந்துப்பொருள் அடியில் படிந்திருக்கும். குலுக்காமல் கொடுத்தால் முதல் வேளைகளில் குறைவாகவும், கடைசி வேளைகளில் மிகையாகவும் உட்செல்லும். ஒரு சொல்லை இடமறிந்து கொள்ளாவிட்டால் குறைவது மதிப்பெண் மட்டுந்தானா?