ஈசல் நல்ல ஆகாரமே, எல்லாருக்கும் அல்ல

கோடையின் முதல் மழை மைசூரில் பெய்து ஓய்ந்த மறுநாட்களில், விஜயநகரின் புதிய லேஅவுட்டுகளிலிருந்து சிலர், உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, இரவு முழுவதையும் கைவைத்தியத்தில் கழித்துவிட்டு என்னிடம் வருவதை வருஷந்தோறும் காண்கிறேன். விசாரித்தால், தெருவிளக்கின் அடியில் தண்ணீர் நிறைத்த அண்டாவை வைத்துப் பிடித்த ஈசலை, இறகு நீக்கி, முறத்தில் புடைத்து, உப்பும் மஞ்சளும் தூவி வாணலியில் வறுத்துப் பொரியோடு தின்றதாகத் தலைகுனிந்து சொல்கிறார்கள்.

வெட்கத்துக்கு இடமில்லை

தமிழ்நாட்டில் இருளர்கள் தலைமுறை தலைமுறையாக ஈசல் பிடித்து உண்டு வந்திருக்கிறார்கள். அசாமில் எரிப்பட்டின் கூட்டுப்புழு விரும்பி உண்ணப்படும் பண்டம். ஒடிசாவின் மயூர்பஞ்சு ஜில்லாவில் முசுறு எறும்பை அரைத்துச் செய்யும் சட்னி, 2024 ஜனவரியில் புவிசார் குறியீடே பெற்றது. பட்டுக்குப் பேர்போன நம் மைசூர்ப் பிரதேசத்தில், நூல் எடுத்தபின் எஞ்சும் கூட்டுப்புழுவின் உலர்ந்த எடையில் ஏறத்தாழப் பாதி புரதமாயும் கால் பாகம் கொழுப்பாயும் இருக்க, அதையெல்லாம் உரத்துக்கும் தீவனத்துக்கும் அனுப்பிவிட்டுப் புரதப் பவுடர் டப்பாவுக்கு ஆயிரக்கணக்கில் செலவிடுகிறோம். சுவர்க்கோழிப் பூச்சி ஒரு கிலோ எடை கூடுவதற்கு இரண்டு கிலோ தீவனமே போதும் என்று ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய ஸ்தாபனம் 2013-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. மாட்டுக்கு அதைப்போலப் பன்மடங்கு வேண்டும். நிலமும் நீரும் அருகிவரும் காலத்தில் இவ்வாகாரத்தை அநாகரிகம் என்று இகழ்வது அறியாமையேயன்றி வேறல்ல.

மூன்று பிரமைகள்

இயற்கையில் கிடைப்பது கெடுதல் செய்யாது என்பது முதற்பிரமை. வீடு கட்டும்போது அஸ்திவாரத்தில் கரையான் மருந்தாகக் குளோர்பைரிபாஸ் போன்ற விஷங்களைத் தெளித்துவிட்டு, அதே மனையிலிருந்து பறந்துவரும் ஈசலை அள்ளிக் குழந்தையின் தட்டில் போடுவதை என்னென்பது! காட்டுப்புற்றில் பிடிப்பவரின் வழக்கத்தை நகரத்து மனைக்கட்டில் அப்படியே பின்பற்றலாகாது.

வறுத்தால் சகல தோஷமும் போய்விடும் என்பது இரண்டாவது. வறுப்பதால் கிருமிகள் பெரும்பாலும் சாகும். பூச்சிமருந்தை அதனால் முற்றிலும் அகற்ற இயலாது. கெட்டுப்போன பூச்சியில் ஊறிய ஹிஸ்டமினும் எஞ்சி நிற்கும். எல்லாவற்றினும் முக்கியமாக, ஒவ்வாமையை உண்டாக்கும் டிரோபோமயோசின் என்ற புரதம் சூட்டுக்கு எளிதில் அசைந்துகொடுப்பதில்லை. இறாலிலும் நண்டிலும் உள்ள புரதத்துக்கு இது நெருங்கிய உறவாகையால், இறால் ஒவ்வாதவருக்கு ஈசலும் பட்டுப்புழுவும் ஒவ்வாமல் போகக்கூடும்.

ஈசல் தின்றால் ஆஸ்துமா தீரும் என்பது மூன்றாவது. இதுவே எனக்கு மிகுந்த வேதனை தருவது. இழுப்பு நோயாளிக்கு இன்ஹேலரை நிறுத்திவிட்டு ஈசலை ஊட்டுவது, சுவாசம் திணறும் சரீரத்தில் மேலும் ஒரு நெருப்பை மூட்டுவதாகும்.

தாமதத்தின் விலை

தடிப்பின்மேல் சுண்ணாம்பைத் தடவுவதும், உப்புநீர் குடித்து வாந்தியெடுக்க முயல்வதும், மெடிக்கல் ஷாப்பில் ஒரு செட்டிரிசின் வாங்கி விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்வதும் வைத்தியமாகா. அம்மாத்திரை அரிப்பைத் தணிக்கும்; தொண்டை அடைபடுவதைத் தடுக்காது. அந்நிலையில் உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி ஒன்றே, அதுவும் சில நிமிஷங்களுக்குள்.

பரிசோதனை

இத்தகைய ஒவ்வாமை ஒருவருக்கு உண்டா என்று அறியத் தோல் பரிசோதனையும், ரத்தத்தில் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புரதத்தை அளக்கும் சோதனையும் உண்டு.

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம்

தயவுசெய்து மருந்து தெளித்த மனைக்கருகில் பிடிக்காதீர்கள், செத்துக் கிடந்ததை எடுக்காதீர்கள், பச்சையாய்த் தின்னவிடாதீர்கள். இறாலால் முன்பு அவதிப்பட்டவருக்கும், இழுப்பு உள்ளவருக்கும், வைத்தியரைக் கேளாமல் ஒரு பிடிகூடத் தராதீர்கள். பூச்சிகளில் பியூரின் மிகுதியென்பதால், யூரிக் அமிலத்தால் மூட்டுவலி உள்ள பெரியவர்களும் ஒதுங்கியிருப்பது நலம். குரல் கம்மினாலோ, மூச்சு இரைத்தாலோ, தலை சுற்றினாலோ 108-ஐ அழையுங்கள். தின்றது இன்னதென்று கூசாமல் சொல்லுங்கள். விடியட்டும் என்று மட்டும் காத்திராதீர்கள், அம்மா.