நாட்டின் கணக்கும் வீட்டின் அடுப்பும்

நான் பொருளியல் வல்லுநன் அல்லேன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். ஆயினும், ஆட்சியாளர் இடும் கைச்சாத்து ஏழையின் அடுப்பங்கரைக்கு எவ்வாறு வந்து சேர்கின்றது என்பதை, நம் இலங்கை பட்ட பாட்டைக் கொண்டு விளக்க விழைகின்றேன்.

2019 டிசெம்பரில் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 15இலிருந்து 8ஆகக் குறைக்கப்பட்டது. வரி குறைந்தால் மகிழாதார் யார்? ஆனால் அரசின் வருவாய் சுருங்கிற்று, செலவு சுருங்கவில்லை. இடைவெளியை நிரப்பப் புதுப்பணம் அச்சிடப்பட்டது. 2020இல் வந்த பெருந்தொற்று சுற்றுலா வருவாயையும் பறித்தது. வெளிநாட்டுச் செலாவணி வற்றியது.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடுக்கப்பட்டது. என் பழைய மாணவர் ஒருவர் நெற்செய்கை பண்ணுபவர். மஞ்சள் பூத்த பயிரைக் காட்டி, வயல் வரம்பில் வாய்பேசாது நின்றார். நவம்பர் இறுதியில் தடை நீங்கிற்று; காலபோக விதைப்போ பெரிதும் முடிந்திருந்தது. அரசாணையைத் திருப்பலாம்; பருவத்தைத் திருப்ப இயலுமோ?

2022 மார்ச்சு தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த மதிப்பு, மே மாதத்தில் 360 ரூபாவளவிற்கு வீழ்ந்தது. ஏப்ரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. தாள் இன்மையால் மேல்மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. எரிபொருள் வரிசையில் நின்றே உயிர்நீத்த முதியோரும் உளர். செப்டெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு 70ஐ எட்டியது. அதாவது, முந்தைய ஆண்டு 100 ரூபாவுக்கு வாங்கிய பண்டங்களுக்கு 170 ரூபா வேண்டும். எனது ஓய்வூதியத்தில் ஒரு சதமும் குறையவில்லை; ஆனால் பை பாதியளவே நிரம்பிற்று. கள்வன் புகாமலே களவு போன வீடு எனது.

குறைத்த வரியின் கதை யாதாயிற்று? 2024 சனவரியில் அது நூற்றுக்கு 18 ஆயிற்று. ஒரு சவர்க்காரக் கட்டிக்குச் செல்வரும் கூலியாளும் ஒரே வரியையே செலுத்துகின்றனர். செல்வர்க்கு அது சில்லறை. கூலியாளுக்கோ மாலைச் சோற்றில் ஒரு பிடி.

இந்நெருக்கடிக்கு முன்னாள் சனாதிபதிகள் இருவர் உள்ளிட்டோர் பொறுப்பாளிகள் என்றும், மக்கள் நம்பிக்கையை மீறினர் என்றும் 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, இழந்த விளைச்சல் மீளவில்லை.

ஆதலின் மாணவர்களே, நாளை நீங்கள் வாக்காளராவீர். ஒருவர் சலுகை அறிவிக்கும்போது கைதட்டுமுன், "இதன் விலையை எவர், எப்போது கொடுப்பார்?" என வினவுங்கள். அவ்வினாவிற்கு விடை காணும் கணக்கைத்தான் பள்ளியிலே பயில்கின்றீர்கள்.